பொய்க்குருவிக்கு உறை தைத்தவர்

மழை தூறத் தொடங்கியதும் கையிலிருக்கும் புதுக் குடையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, தலையில் செய்தித்தாளைப் பிடித்தபடி ஓடுகிற ஒரு மனிதரை நீங்கள் எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை. இருந்தாலும் படியுங்கள். அவர் பத்திரக்காரர் என்னும் இனத்தைச் சேர்ந்தவர். தேய்வதற்கென்று செய்ததைத் தேயவிடாமலும், தீர்வதற்கென்று வாங்கியதைத் தீரவிடாமலும் காப்பாற்றவே அவர் பிறவி எடுத்திருக்கிறார். அவரைக் கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சருக்குக் காசின் மேல் ஆசை. பத்திரக்காரருக்குப் பொருளின் மேல் பாசம். கஞ்சர் குடையே வாங்க மாட்டார். இவரோ நல்லதாகப் பார்த்து இரண்டு வாங்குவார், ஒன்று வீட்டில் இருப்பதற்கு, மற்றது அதற்குத் துணையாக இருப்பதற்கு.

இந்த இனத்தாரின் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். உள்ளே நுழைந்ததும் சோபாவுக்கு உறை இருக்கும். அந்த உறை அழுக்காகாமலிருக்க அதன்மேல் ஒரு போர்வை இருக்கும். நீங்கள் முக்கியமான விருந்தாளி என்றால் போர்வையை மட்டும் எடுப்பார்கள். டி.வி. ரிமோட் பாலிதீன் பைக்குள் ரப்பர் பேண்ட் கட்டிக்கொண்டு மூச்சு முட்டக் கிடக்கும்; சத்தத்தைக் கூட்ட வேண்டுமானால் பையோடு சேர்த்துப் பத்துத் தடவை அமுக்க வேண்டும். கை துடைக்கக் கொடுக்கும் துண்டு நைந்ததாக இருக்கும். நல்ல துண்டு அலமாரியில் இருக்கிறது, உங்களைவிட மேலான விருந்தாளிக்காக. அந்த மேலான விருந்தாளி வந்தாலும் இதே துண்டுதான் கிடைக்கும், ஏனென்றால் அவரைவிட மேலான ஒருவர் எப்போதுமே எங்கேயோ இருக்கிறார்.

எனக்குத் தெரிந்த பத்திரக்காரர்களில் தலைசிறந்தவர் எங்கள் பட்டறையின் தலைமைப் பொறியாளர். வாய்க்கு வாய் 'பத்திரம், பத்திரம்' என்று சொல்லிச் சொல்லி, அவருக்குப் 'பத்திரம் சார்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. தேநீர்க் கோப்பையைத் தூக்கினாலும் பத்திரம். நாற்காலியை இழுத்தாலும் பத்திரம். நான் அங்கே சோதனைக் குறிப்பு எழுதுகிற வேலையில் இருந்தேன். எது பறந்தது, எத்தனை நிமிடம் பறந்தது, என்ன ஆயிற்று என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆகவே இங்கே நான் சொல்வதெல்லாம் கண்ணால் கண்டது.

எங்கள் பட்டறை விமானத் தளத்தின் வேலியோரம், தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகையில் இருந்தது. அங்கே என்ன செய்தோம்? போர் விமானம் பறக்கும்போது கீழே ராடாரை வைத்துத் தேடிப் பிடித்துச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களை ஏமாற்றுவதற்கு ஒரு பொம்மை செய்தோம். தெர்மோகோல் உடம்பு, மெல்லிய பலகை இறக்கை, புல்வெட்டும் இயந்திரத்தில் இருப்பதுபோல ஒரு குட்டி மோட்டார், வயிற்றுக்குள்ளே மூன்று தகடுகளை மூலை சேர ஒட்டிய ஒரு பெட்டி. ராடாரின் அலை அந்தத் தகட்டு மூலையில் பட்டு வந்த வழியே திரும்பிப் போகும். அதனால் ஓர் ஆள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகக்கூடிய இந்தப் பொம்மை, திரையில் பெரிய விமானம்போலத் தெரியும். விமானத்தின் இறக்கைக்கு அடியில் தொங்கிக்கொண்டு போய், குறித்த இடத்தில் கழன்று, வேறு திசையில் பறக்கும். எதிரி அதைச் சுடுவான். அந்த நேரத்தில் விமானி தப்பி வீடு வந்து சேர்வார். காகிதத்தில் இதற்குப் 'போலி இலக்கு' என்று பெயர். பட்டறையில் 'பொய்க்குருவி'.

மேலிடம் கேட்டது அதிகமில்லை. ஒரு மோட்டார் சைக்கிளின் விலைக்குள் முடிய வேண்டும். நூற்றுக்கணக்கில் செய்ய முடிய வேண்டும். போனது திரும்பக் கூடாது. அதாவது, சுடப்பட்டுச் சாவதுதான் பொய்க்குருவியின் உத்தியோகம். அப்படிப்பட்ட ஒன்றைச் செய்து கொடுக்கும்படி, உலகத்தில் இத்தனை பேர் இருக்க, குடையை நனைய விடாத மனிதரிடம் போய்ச் சொன்னார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், பத்திரம் சார் கெட்டிக்காரர். முதல் குருவியை ஆறு வாரத்தில் செய்துவிட்டார். அழகாக இருந்தது. அழகாக இருந்ததுதான் ஆபத்து. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், ஓரத்தில் தெர்மோகோல் பிசிறியிருப்பதைக் கண்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தேய்த்த இடத்துக்கு வர்ணம் பூசினார். ஓர் இடத்தில் மட்டும் வர்ணம் இருந்தால் நன்றாயிராது என்று முழுக்கப் பூசினார், மூன்று பூச்சு. இறக்கை நுனி இடித்துக்கொள்ளுமே என்று ரப்பர் பட்டை ஒட்டினார். மோட்டார் சூடாகுமே என்று அதற்கு ஒரு விசிறி வைத்தார். விசிறியில் தூசி படியுமே என்று ஒரு வலை வைத்தார். கடைசியில் ஒரு நாள், தையல்காரரைக் கூட்டிவந்து அளவெடுக்கச் சொல்லி, பொய்க்குருவிக்கு ரெக்சின் உறை தைத்தார். மூக்குக்குத் தனி மடிப்பு, வாலுக்கு ஜிப். தகடுகளை வெட்டி ஒட்டுகிற பொறியாளர், நாங்களெல்லாம் 'தகடு அக்கா' என்று கூப்பிடுகிறவர், அந்த உறையைத் தடவிப் பார்த்துவிட்டு, தன் குழந்தைகூட இத்தனை அளவாகத் தைத்த சட்டை போட்டதில்லை என்றார்.

சரி, பறந்ததா? எங்கே பறந்தது. திங்கட்கிழமை காற்று ஜாஸ்தி. செவ்வாய்க்கிழமை மேகம். புதன்கிழமை மேகமில்லை, ஆகையால் வெயில். வெயிலில் வர்ணம் வெளுக்கும். குண்டு பட்டுச் சிதறுவதற்கென்று செய்த பொருளை, சளி பிடித்துவிடும் என்று ஐந்து மாதம் அவர் வெளியே விடவில்லை. 'ஒரு தடவை பறக்கவிட்டுப் பாக்கலாமே சார்' என்று யாராவது சொன்னால், ஏதோ பெண் கேட்டு வந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

இதில் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. அவருடைய மகளை மணந்தவர் ஒரு போர் விமானி. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த தளத்தில்தான் அவருக்கு வேலை. அவருடைய படைப்பிரிவு அடுத்த பருவத்தில் எல்லைக்குப் போக வேண்டும். அங்கே நிஜமாகவே சுடுகிறார்கள். போகும்போது விமானத்துக்கு இரண்டு பொய்க்குருவி கட்டிக்கொண்டு போகலாம் என்பது ஏற்பாடு. குருவி தயாராகாவிட்டால் வெறும் இறக்கையோடு போக வேண்டியதுதான். இது அரசாங்க ரகசியம். ஆகவே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒவ்வொரு நாள் சாயங்காலமும் பத்திரம் சார் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவருடைய மனைவி கேட்பாராம், மாப்பிள்ளைக்குக் குருவி ஆயிற்றா என்று. ஆகிக்கொண்டிருக்கிறது, நல்ல பொருள் மெதுவாகத்தான் ஆகும் என்பாராம் இவர். மாப்பிள்ளை மேல் பாசம் இல்லாதவர் என்று சொல்ல முடியாது. கல்யாணத்தின்போது மகளுக்கு அவர் கொடுத்த சீர்களில் ஒன்று, தன்னுடைய கல்யாணத்துக்கு வந்த ஒரு பெட்டி பீங்கான் தட்டுகள். இருபத்தெட்டு வருஷமாகப் பெட்டியின் ஒட்டுத்தாள்கூடப் பிரிக்கப்படவில்லை. மகளும் அதைப் பிரிக்காமல் பரண்மேல் ஏற்றிவிட்டாள். யார் பெற்ற பெண்?

ஆறாவது மாதம் மேலிடம் தேதி குறித்துவிட்டது. இனிக் காற்றும் வெயிலும் செல்லாது. பத்திரம் சார் இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் திரிந்தார். மூன்றாவது நாள் முகம் தெளிந்து வந்தார். குருவியின் மூக்குக்குள் புதிதாக ஒரு கருவி வைத்திருந்தார். விமானத்தில் ஒரு சின்ன ரேடியோ வைத்துவிட்டால் போதும். குருவி கழன்று போய், எட்டு நிமிடம் தன் வேலையைப் பார்த்துவிட்டு, அந்த ரேடியோவைத் தேடிக்கொண்டு, கன்று தாயைத் தேடி வருவதுபோலத் திரும்பி வந்துவிடுமாம். ஓடுபாதைக்குப் பக்கத்தில் அது இறங்குவதற்கு வலை கட்டவும் இடம் பார்த்துவிட்டார்.

இதற்காகக் கூட்டம் கூடியது. தகடு அக்கா மட்டும் எழுந்தார்.

"சார், இது திரும்பி வரக்கூடாது சார். அதுக்குத்தானே செய்யறோம்."

"திரும்பி வந்தா வேணாம்னா சொல்லப்போறோம்?" என்றார் பத்திரம் சார்.

தகடு அக்கா உட்கார்ந்துவிட்டார். யோசித்துப் பாருங்கள், அதை மறுத்துப் பேச உங்களுக்கும் சட்டென்று வராது. இந்த இனத்தாரின் பேச்சு அப்படித்தான். கேட்கும்போது ஞாயமாகவே இருக்கும். மேலிடத்துப் பெரியவர், மறுபடி மறுபடி பயன்படும் என்கிற ஒரு வார்த்தையைக் கேட்டதும் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு குறிப்பெழுதினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சோதனை நாள் வந்தது. சுடுவதெல்லாம் காகிதத்தில்தான். ஓடுபாதையின் கோடியில், குன்றுகளைப் பார்த்தாற்போல ஒரு ராடார் வண்டியை நிறுத்தி, அன்றைக்கு மட்டும் எதிரியாக இருக்கும்படி மூன்று பேரை உட்காரவைத்திருந்தார்கள். திரையில் எது அகப்படுகிறதோ அதற்குப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். குறி போட்டால் சுட்டது என்று அர்த்தம். விமானத்தை ஓட்டப்போவது யார் என்று நினைக்கிறீர்கள்? மாப்பிள்ளைதான். அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மாமனார் செய்த பொருளை மாப்பிள்ளை முதலில் கட்டிக்கொண்டு போவதுதான் மரியாதை என்று நினைத்திருப்பார். பத்திரம் சார் குருவியின் உறையைத் தானே ஜிப் இழுத்துக் கழற்றி, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

விமானம் கிளம்பியது. நானும் தகடு அக்காவும் ராடார் வண்டிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். குருவி கழன்றது. இடது பக்கமாக அது பறக்கப் பறக்க, திரையில் பெரிதாக ஒரு புள்ளி தெரிந்தது. எதிரிகள் மூவரும் வாயைப் பிளந்துகொண்டு அதன் பின்னாலேயே போனார்கள். நிஜ விமானம் வலது பக்கம் தாழப் பறந்து, குன்றுகளின் மறைவில் நழுவிப் போய், போன காரியத்தை முடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் தெரியவில்லை. தகடு அக்கா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். ஆறு மாத உழைப்பு பலித்துவிட்டது என்று எனக்கும் நெஞ்சு நிறைந்தது.

எட்டாவது நிமிடம் குருவிக்குத் தாய் ஞாபகம் வந்துவிட்டது.

பறந்துகொண்டிருந்த திசையை விட்டு அப்படியே திரும்பியது. குருவி விமானத்தைவிட மெதுவானதுதான், துரத்திப் பிடிக்க முடியாது. ஆனால் துரத்த வேண்டிய அவசியமே இல்லையே. மாப்பிள்ளைதான் எதிரே வந்துகொண்டிருக்கிறாரே. அவரை எதிர்கொண்டு அழைத்துவரப் போவதுபோல, பூசிய மூன்று பூச்சும் மின்ன, நேராகக் குன்றுகளைப் பார்த்துப் போனது. எதிரிகளில் இளையவர் திரையைத் தொட்டு, இது எங்கே போகிறது என்று கேட்டார். மூத்தவர், அது போகிற இடத்தையும் சேர்த்துப் பார் என்றார். பார்த்தார்கள். குன்றின் ஓரத்தில், அதுவரை கண்ணுக்குத் தப்பியிருந்த சின்னப் புள்ளி ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. பெரிய புள்ளியைச் சுடுவதா, சின்னதையா என்று அவர்கள் அதிகம் யோசிக்கவில்லை. பெரியது தானாகத் தேடிக்கொண்டு போகிறதென்றால் சின்னதுதான் நிஜம். பென்சில் அந்தப் பக்கம் போயிற்று. ஒரே ஒரு பெருக்கல் குறி.

வண்டிக்குள் நடந்த இதெல்லாம் பத்திரம் சாருக்குத் தெரியாது. நான் வண்டியிலிருந்து இறங்கி ஓடிப்போனபோது அவர் ஓடுபாதையோரம் வலைக்குப் பக்கத்தில் அண்ணாந்து நின்றிருந்தார். குருவி, விமானத்தின் பின்னாலேயே வந்து, சமர்த்தாக வலையில் விழுந்தது. ஓடிப்போய்த் தூக்கித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. அத்தனை சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. உறையை உதறி விரித்து, மூக்கிலிருந்து வால்வரை போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார்.

நான் குறிப்புத்தாளை நீட்டினேன். என் வேலை அது, வேறென்ன செய்ய? இரண்டு வரிதான் எழுதியிருந்தேன்.

போலி இலக்கு: சேதமில்லை.

விமானம்: வீழ்த்தப்பட்டது.

முதல் வரியைப் படித்துச் சிரித்தார். பேனாவின் மூடியைத் திறந்தார். இரண்டாவது வரியில் பேனா நின்றது. அதை அவர் நாலைந்து தடவை படித்திருப்பார். எழுத்து மாறிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அதற்குள் மாப்பிள்ளை தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்து சேர்ந்தார். அவருக்கு ரேடியோவிலேயே சொல்லிவிட்டிருந்தார்கள். கோபமே இல்லை அவர் குரலில்.

"மாமா, குருவி பத்திரமா வந்துருச்சா?"

"வந்துருச்சு மாப்பிள்ளை."

"நல்லது. நான்தான் வரல."

சொல்லிவிட்டு மாமனார் முகம் போன போக்கைப் பார்த்து, அவர் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உடை மாற்றப் போய்விட்டார். பத்திரம் சார் அந்த இடத்திலேயே, வலையின் மேல், உறை போட்ட குருவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரைத் திட்டத் தோன்றவில்லை. பாவமாக இருந்தது. ஒரு பொருளைக் காப்பாற்றத் தெரிந்த அளவுக்கு, அது யாரைக் காப்பாற்ற வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் பட்டறைக்கு வந்துவிட்டார். திருப்புளியைத் தானே எடுத்து, மூக்கிலிருந்த கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு வலை, விசிறி, ரப்பர் பட்டை. வர்ண டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு போகும்படி தகடு அக்காவிடம் சொன்னார். இல்லாவிட்டால் கை சும்மா இருக்காது என்று அவருக்கே தெரிந்திருந்தது. பிசிறிய தெர்மோகோலும் மொட்டைப் பலகையுமாக, பதினெட்டு நாளில் நாற்பது குருவிகள் தயாராயின. பார்க்கச் சகிக்கவில்லை. மோட்டார் சைக்கிள் விலையில் பாதிகூட ஆகவில்லை. ஒவ்வொன்றும் முடிந்து வெளியே போகும்போது அவர் கை மட்டும் தானாக நீண்டு அதன் முதுகை ஒரு தடவு தடவிவிட்டு வரும். நாங்கள் பார்க்காததுபோல இருந்துவிடுவோம்.

இரண்டாவது சோதனை நிஜத் துப்பாக்கியோடு, விமானம் வரும் பக்கம் திரும்பாதபடி பூட்டி வைத்த துப்பாக்கி. கழற்றிவிடும்படி ரேடியோவில் சொல்கிற வார்த்தையைத் தானே சொல்வதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். சொன்னார். குருவி இடது பக்கம் போய், எட்டு நிமிடமும் பறந்து, ஒன்பதாவது நிமிடம் வெடித்துச் சிதறியது. தகட்டுத் துண்டுகள் வெயிலில் மின்னிக்கொண்டு இறங்கின. பத்திரம் சார் அழுதார். துடைத்துக்கொள்ளவுமில்லை, மறைக்கவுமில்லை. குன்றோரம் தாழப் பறந்து வந்த விமானத்தை அன்றைக்கு எந்த எதிரியும் பார்க்கவில்லை. குறிப்பில் 'போலி இலக்கு: அழிந்தது' என்று எழுதி நீட்டினேன். கையெழுத்து கோணலாக விழுந்தது.

படைப்பிரிவு கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் மகள் வீட்டில் சாப்பாடு. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மகள் பரண்மேல் ஏறிப் பெட்டியை இறக்கி, அப்பா முன்னாலேயே கத்தியால் ஒட்டுத்தாளைக் கிழித்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தத் தட்டுகள் சோற்றைப் பார்த்தன. பரிமாறும்போது மாப்பிள்ளை கைபட்டு ஒன்று கீழே விழுந்து உடைந்தது.

"பரவால்ல மாப்பிள்ளை. நீங்க சாப்பிடுங்க," என்றார் பத்திரம் சார்.

அவருடைய மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து மாப்பிள்ளை திரும்பி வந்தார். இளைத்துக் கறுத்திருந்தார். விமானத்தின் இறக்கைக்கு அடியில் கட்டிக்கொண்டு போன குருவிகள் இரண்டும் வரவில்லை.

ஆக, மனிதர் திருந்திவிட்டார் என்று கதையை முடித்துவிடலாம்தான். போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் பாதியைப் பிரித்துக் கொடுத்தாளாம், மேசைமேல் அந்தப் பீங்கான் தட்டுகள் அடுக்கியிருந்தன. பத்திரம் சார் அதில்தான் தினமும் சாப்பிடுவதாகப் பெருமையாகச் சொன்னார். ஒவ்வொரு தட்டுக்கும் ரெக்சினில் உறை தைத்திருந்தார், சுற்றி ஜிப் வைத்து.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு நிமிடம், இந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நான் சொல்வதைக் கேளுங்கள். இந்தப் புத்தகத்துக்குப் பழைய நாட்காட்டித் தாளில் அட்டை போட்டிருக்கிறீர்களா? முதுகு மடிந்துவிடுமே என்று பாதி மட்டும் திறந்து, உள்ளோரத்து எழுத்துகளைக் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படித்துக்கொண்டிருக்கிறீர்களா? இல்லையென்றால், இரண்டு கையாலும் பிடித்து, தட்டையாக விரித்து, நடுவில் உள்ளங்கையை வைத்து ஒரு முறை நன்றாக அழுத்துங்கள் பார்க்கலாம்.

மனம் வரவில்லை அல்லவா? வீட்டில் யாராவது எங்கேயாவது பறந்துகொண்டிருந்தால், அவர்களிடம் இன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், நாம் பத்திரமாக வைத்திருப்பது எதை என்று.